பதினோராவது ஆள்

"பத்துப் பேர்தானா? அப்ப வாக்ஓவர் குடுத்துடு," என்றான் உளுந்தூர்பேட்டை அணித் தலைவன் பார்த்திபன்.

வடக்கனந்தல் 'பி' டீம் தலைவன் நவுஷாத் கையைப் பிசைந்தான். இறுதிப்போட்டி அன்று பார்த்தா கரும்பு வெட்டு வர வேண்டும்? அவனுடைய வேகப்பந்து வீச்சாளன் வயலில் இருந்தான்.

சிறப்பு விருந்தினர் வந்துகொண்டே இருப்பதாக மைக் கத்தியது.

"எங்க டீம்ல அக்கா ஒண்ணு இருக்கு. எறக்கட்டுமா?" என்றான் நவுஷாத்.

பார்த்திபன் சிரித்தான். "பொம்பளயா? தாராளமா எறக்கு. ஆனா ஆதார்ல உங்க ஊரு அட்ரஸ் இருக்கணும். வெளியூர் ஆளு கூடாது. அம்பயர், நீங்களும் கேட்டுக்குங்க!"

பத்து நிமிடத்தில் ஒரு கை ஆதாரை நீட்டியது. பார்த்திபன் உரக்கப் படித்தான். "தேவிப்ரியா, தகப்பன் பேரு சடையன், வடக்கனந்தல். சரி, ஓகே."

நிமிர்ந்தவன், அவள் முகத்தையும் மேடை பேனரையும் மாறி மாறிப் பார்த்தான். பேனரில் அதே முகம், இந்திய அணியின் நீலச் சட்டையில்.

"அக்கா... நீங்க பரிசு குடுக்கத்தான வந்தீங்க? சென்னையிலதான இருக்கீங்க?"

"வூடு மாத்திட்டேன் தம்பி. ஆதாரை மாத்தல," என்றாள் தேவிப்ரியா, பழைய தொப்பியை மாட்டிக்கொண்டே. "எங்க ஊரு 'ஏ' டீம் என்னைச் சேத்துக்கல. மொத ஓவர் போட்டது இந்த 'பி' டீமுக்குத்தான்."

நவுஷாத் புதுப் பந்தை நீட்டினான்.

மாலையில் சிறப்பு விருந்தினர் கோப்பையை வாங்கும் வரிசையில் நின்றார். அதனால் எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்திபனுக்கு வந்தது.