துளை நிபுணர்

நீதிபதி கரடியின் முன்னால் முள்ளம்பன்றி நின்றது; எதிரே செந்நாய் மூக்கில் மூன்று முள்ளோடு உட்கார்ந்திருந்தது.

"நான் பாட்டுக்குப் பத்தடி தள்ளி நின்றேன். குறிபார்த்து எய்துவிட்டான்!" என்றது செந்நாய்.

"பொய், ஐயா! வளைக்குள் நுழைந்து என்னைக் கவ்வ வந்தார்," என்றது முள்ளம்பன்றி.

நீதிபதி கரடி மரங்கொத்தியைக் கூப்பிட்டது. அந்தக் காட்டில் துளை சம்பந்தப்பட்ட எதற்கும் மரங்கொத்தி வைத்ததுதான் சட்டம். அது செந்நாயின் மூக்கில் முள் குத்திய துளைகளை அலகால் ஆழம் பார்த்துவிட்டு, "பத்தடியிலிருந்து பறந்து வந்த முள். சந்தேகமே இல்லை," என்றது.

முள்ளம்பன்றிக்கு மனசு கேட்கவில்லை. "முள் பறந்ததை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?"

"காடே சொல்கிறதே, நான் வேறு பார்க்கணுமா?"

"சரி, எய்து காட்டு," என்றது கரடி.

முள்ளம்பன்றி முதுகைத் திருப்பி உடம்பைக் குலுக்கியது. சடசடவென்று சத்தம்தான் வந்தது. ஒரு முள்கூடப் பறக்கவில்லை.

"வேண்டுமென்றே அடக்குகிறான்!" என்று செந்நாய் கத்தியது. மரங்கொத்தி பொறுமையிழந்து கிட்டே போய்க் குனிந்தது. நெஞ்சு உரசியதுதான் தாமதம், ஒரு முள் கழன்று அதன் நெஞ்சில் ஏறி நின்றது.

மரங்கொத்தி தன் நெஞ்சைப் பார்த்தது. செந்நாயின் மூக்கைப் பார்த்தது.

"அதே ஆழம்," என்றது மெதுவாக. "தொட்டால்தான் குத்தும், ஐயா. நான் சொன்னது தப்பு."

கரடி விடுதலை என்றதும், முள்ளம்பன்றி ஓடிப்போய் அந்த முள்ளைப் பிடுங்கப் பார்த்தது.

"விடு," என்றது மரங்கொத்தி. "இதே சாட்சி சொல்லி உன் இனத்தில் ஏழு பேரை ஆற்றுக்கு அந்தப் பக்கம் துரத்தியிருக்கிறேன். முதலில் அவர்களைக் கூட்டிக்கொண்டு வருவோம், வா."