மூன்றாவது கம்பைல்

கணினியில், நிரல் எழுதும் எடிட்டரில் நிறங்கள் வரவில்லை.

கலைவாணன் கோப்பை மூடி மறுபடி திறந்தான். பிழையான வரிகள் சிவப்பாகவும் குறிப்புகள் பச்சையாகவும் தெரிய வேண்டும். எல்லாம் ஒரே மண் நிறத்தில் கிடந்தன.

நிரல் எழுதுவதுதான் அவனுக்குப் பிழைப்பு. எடிட்டரின் புதிய பதிப்பை நேற்றுதான், மூலநிரலை இறக்கித் தானே கம்பைல் செய்து இயங்கும் மென்பொருளாக்கியிருந்தான். அப்படிச் செய்யும்போது ஏதாவது ஒரு வசதி விட்டுப்போவது சகஜம். கண்டுபிடித்துச் சேர்த்தால் சரியாகிவிடும்.

சரியாகிவிட வேண்டும். விரல்கள் தப்புத் தப்பாகத் தட்டின.

வசதிகளின் பட்டியலை வரவழைத்தான். இருப்பவற்றுக்குக் கூட்டல் குறி, இல்லாதவற்றுக்குக் கழித்தல் குறி. திரையில் விரல் வைத்து ஒவ்வொன்றாக இறங்கினான்.

நிறங்களுக்கு எதிரே கழித்தல்.

"அப்பாடா" என்று வாய்விட்டே சொன்னான்.

அதைச் சேர்த்து மறுபடி கம்பைல் செய்தான். எட்டு நிமிடம். கழித்தல் போய்க் கூட்டல் வந்தது. கோப்பைத் திறந்தான்.

அதே மண் நிறம்.

எல்லாவற்றையும் அடியோடு அழித்துவிட்டு, ஒரு வசதி விடாமல் கேட்டு வாங்கி, மூன்றாவது முறை.

அப்போதும் அதே.

துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டான். சுவேதா ஈரக் கையோடு வந்து குனிந்து பார்த்தாள்.

"சிவப்பு, பச்ச, எல்லாம் நல்லாத்தான இருக்கு? இதுக்கா கூப்ட்டீங்க?"

அவன் எழுந்து பால்கனிக்குப் போனான். கீழே சிக்னலில் போக்குவரத்துக் காவலர் நின்றிருந்தார். புதுச்சேரிப் போலீசின் தொப்பி என்ன நிறம் என்று இந்த ஊரில் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தத் தொப்பியையே பார்த்தான். சிவப்பு எங்கேயும் இல்லை.

காசநோய்க்கு மாத்திரை ஆரம்பித்த அன்று டாக்டர் சொன்னதை அவன் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. அந்த மாத்திரையால் சிவப்பும் பச்சையும் மங்கினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது, பார்வையே போய்விடலாம் என்றிருந்தார்.

மங்க ஆரம்பித்து இன்றோடு ஐந்து நாள்.

உள்ளே வந்து வண்டிச் சாவியை அவளிடம் நீட்டினான்.

"ஆஸ்பத்திரிக்குப் போவணும். வண்டிய நீ ஓட்டு."