ஒண்ணுமில்ல சிஸ்டர்

"இந்த ஆளு நம்ம எல்லாரையும் மூட்டை கட்ட வச்சிட்டுத்தான் ஓய்வாரு," என்றான் நாலாம் கட்டில் வெல்டர்.

பக்கத்துக் கட்டில் தையல்காரர் நர்ஸிடம் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார்.

"ஊசி போட்ட இடத்துல ரெண்டு நிமிஷம் அரிப்பு சிஸ்டர். விடியக்காலை அஞ்சு மணிக்குக் குளிர் நடுக்கம். கால் மணி நேரம்."

மூட்டு வீக்கத்துக்குப் புதிதாக வந்திருக்கும் ஊசி. நோயாளிகளுக்குப் போடுமுன், நோயில்லாத எட்டுப் பேருக்குப் போட்டு உடம்பு தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள்.

நர்ஸ் எழுதிக்கொண்டு வெல்டரிடம் வந்தாள்.

"உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். கல்லு மாதிரி இருக்கேன்."

மற்ற ஆறு பேருக்கும் ஒன்றுமில்லை. வாயைத் திறந்தால் அடுத்த சோதனைக்குக் கூப்பிட மாட்டார்கள், அந்தப் பணமும் போய்விடும் என்று அந்த அறையில் ஒரு பேச்சு. எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டானோ.

நர்ஸ் நகர்ந்ததும் வெல்டர் திரும்பினான்.

"ஏன் சார், கொசு கடிச்சாக்கூடச் சொல்லுவீங்களா?"

"கடிச்சா சொல்லுவேன் தம்பி. அதுக்குத்தானே கூட்டிட்டு வந்திருக்காங்க."

"நல்ல புகார்ப் பெட்டிய்யா நீரு."

அறையே சிரித்தது. தையல்காரரும் சிரித்தார்.

டாக்டர் வந்தார். தாள்களைப் புரட்டினார்.

"ஒருத்தருக்கு மட்டும் நடுக்கம்னா ஏசி குளிராக்கூட இருக்கலாம். வேற யாருக்காவது வந்துதா? வந்திருந்தா அடுத்த குழுவுக்கு அளவைக் குறைக்கணும். இல்லைன்னா நாளைக்கு அவங்களுக்கு மூணு மடங்கு."

தையல்காரர் வெல்டரைப் பார்த்தார். வெல்டர் ஜன்னலைப் பார்த்தான்.

டாக்டர் அடுத்த தாளை எடுத்தபோது வெல்டரின் போன் அடித்தது. மனைவியின் தம்பி.

"மாமா, நாளைக்கு எனக்கு ஊசி. நீங்க சொல்லித்தானே பேரு குடுத்தேன்? அக்காதான் பயப்படுது. உங்களுக்கு ஒண்ணும் ஆகலைல்ல?"

வெல்டர் டாக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தான்.

"மாமா, லைன்ல இருக்கீங்களா?"

"இருடா மாப்ளே. அப்புறம் கூப்பிடுறேன்."

எழுந்து டாக்டர் எதிரில் போய் நின்றான்.

"டாக்டர், என் தாள்ல எழுதியிருக்கிறது தப்பு. எனக்கும் நடுங்குச்சு. அவரை விட மோசமா. பல்லு கிட்டிப் போச்சு."

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டான். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க. இது தெரியாம நாளைக்கு மூணு மடங்கு போட்டிருப்போம். இனி கொஞ்சமாப் போட்டு, ஒவ்வொருத்தரா பார்த்துப் போவோம். மருந்து நல்லாவே வரும். எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?"

வெல்டர் தையல்காரரைத் திரும்பிப் பார்த்தான்.

"எனக்கு நினைவே இல்லை டாக்டர். அவரைத்தான் கேக்கணும். என் காலைத் தேய்ச்சு விட்டுக்கிட்டே மணி பார்த்தவரு அவருதான்."