ஒரே பாடம், இரண்டு வகுப்பு

மாரிசெல்வி பாதி வேலைதான் பார்க்கிறாள் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது.

கம்ப்யூட்டர் சொன்ன பிறகு பிரின்சிபாலிடம் அப்பீல் கிடையாது. ஒப்பந்த ஆசிரியை. ஒர்க்லோடு குறைந்தால் அடுத்த செமஸ்டருக்கு வேலை ஆர்டர் வராது. சமீபத்தில்தான் அம்மாவைச் சங்கரன்கோவிலிலிருந்து அழைத்து வந்து, கல்லூரிக்குப் பக்கத்தில் தண்டலத்தில் வாடகைக்கு வீடு பிடித்திருந்தாள்.

துறைத் தலைவர் திருநாவுக்கரசுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

யாருக்கு எந்தப் பாடம், எத்தனை வகுப்பு என்று கணக்குப் போடும் சிஸ்டம் அது. கல்லூரியின் சொந்தச் சரக்கு இல்லை. பெரிய பல்கலைக்கழகம் ஒன்று தனக்காகச் செய்தது. அக்கம்பக்கத்துக் கல்லூரிகளும் வைத்துக்கொள்ளட்டும் என்று பகிர்ந்துகொண்டது. நல்ல காரியம்தான். ஆனால் அங்கே பையன்கள் காலையில் வருவார்கள், சாயங்காலம் போவார்கள்.

இங்கே மாரிசெல்வியின் பார்ட் டைம் வகுப்பில் இருப்பவர்கள் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கம்பெனி லைனில் நிற்கிறவர்கள். பாதிப் பேருக்குப் பகல் ஷிஃப்ட், பாதிப் பேருக்கு ராத்திரி ஷிஃப்ட். அதனால் ஒரே பாடத்தை அவள் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நடத்துவாள். ஒரே ஆள் ஒரே பாடத்தை இரண்டு தடவை நடத்துவாளா, யாரோ தப்பாக ஏற்றிவிட்டார்கள் என்று சிஸ்டம் அதில் ஒரு வகுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டது.

வகுப்பில் பேச்சிராஜ் கேட்டான். "ஏம் மேடம், நாங்க ஷிஃப்ட் மாறுதது கேன்டீன் இட்லிக்குக்கூடத் தெரியும். இதுக்குத் தெரியலயாக்கும்?"

அவளும் சிரித்துத்தான் வைத்தாள்.

திருநாவுக்கரசு பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டார். சிஸ்டத்தைப் பார்த்துக்கொள்ளும் சுகப்பிரியா எடுத்தாள். அவர் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள். பல காலேஜ் இதில் இருக்கிறது, உங்களுக்காக ஒரு விதியை மாற்றினால் எல்லாருக்கும் மாறிவிடும், கமிட்டி கூடித்தான் முடிவெடுக்க வேண்டும் என்றாள்.

"கமிட்டி எப்பம்மா கூடும்?"

"அடுத்த செமஸ்டர் சார்."

"அதுக்குள்ள இந்தப் பொண்ணு மூட்டையக் கட்டிடும்."

போனை வைத்துவிட்டு, நிரந்தர வேலையில் இருக்கும் ஹேமந்த்திடம் போனார். உன் பேப்பரில் ஒன்றை அவளுக்கு விட்டுக்கொடு என்றார்.

ஹேமந்த் தலையை நிமிர்த்தவே இல்லை. "அப்புறம் எனக்கு லோடு குறையும். நான் எங்க சார் போறது?"

கொடுக்காததுகூடப் பரவாயில்லை. மறுநாளே பிரின்சிபாலைப் பார்த்து, மாரிசெல்வியின் சாயங்கால வகுப்பைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டான். எப்படியும் கணக்கில் வராத வகுப்புதானே என்று பிரின்சிபாலும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஸ்டாஃப் ரூமில் ஒருவரும் அவனிடம் பேசவில்லை. திருநாவுக்கரசு மட்டும் கேட்டார்.

"இன்னாய்யா, அவளுக்கு இருக்கறதே பாதி. அதுலயும் பிடுங்கினா எப்படி?"

"யாரோ ஒருத்தர் எடுக்கத்தானே சார் போறோம்."

அன்றிலிருந்து அவன் வணக்கம் வைத்தால் இவர் திரும்பிக்கொண்டார்.

ஒரு வாரம்தான். சாயங்காலம் ஒரகடம் ஜங்ஷனில் வண்டி நகரவே மாட்டேன் என்கிறது, எனக்கு ஒத்து வரவில்லை, அந்தம்மாவே எடுத்துக்கொள்ளட்டும் என்று வகுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டான் ஹேமந்த். ஆசை இருக்கிற அளவுக்கு உடம்பு வளையவில்லை என்று ஸ்டாஃப் ரூமே சிரித்தது. மாரிசெல்வி மறுபேச்சுப் பேசாமல் பழையபடி இரண்டையும் நடத்தினாள்.

மாதக் கடைசியில் சிஸ்டத்தைத் திறந்தால், இரண்டு வகுப்பும் அவள் பேரில் நிற்கிறது. முழு லோடு. ஆர்டர் வந்துவிட்டது.

நேரே திருநாவுக்கரசின் அறைக்கு வந்தாள்.

"நீங்க அன்னைக்கிப் போன்ல சத்தம் போட்டதுக்குப் பலன் வந்துட்டு சார். ஒங்களக் கும்பிட்டதாச் சொல்லச் சொன்னா எங்கம்மா."

அவர் இல்லை என்று சொல்லவில்லை. "சரி சரி, போய் கிளாஸை எடும்மா" என்றார்.

மத்தியானம் துறைக் கூட்டத்திலும் அதை எடுத்துவிட்டார். "சில பேர் பிடுங்குவாங்க. சில பேர் சண்டை போட்டு வாங்கித் தருவாங்க." எல்லாரும் ஹேமந்த்தைப் பார்த்தார்கள். அவன் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான்.

கூட்டம் முடிந்ததும் பெரிய மனது பண்ணி சுகப்பிரியாவைக் கூப்பிட்டார். அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், ஆனாலும் சரிசெய்து கொடுத்தாயே, சந்தோஷம் என்றார்.

"நான் ஒண்ணுமே மாத்தலையே சார். கமிட்டி இன்னும் கூடவே இல்ல."

"அப்புறம் எப்படிம்மா ரெண்டும் ஏறிச்சு?"

"உங்க காலேஜ்லேர்ந்து இன்னொரு சார் பேசினாரே. ஒரே பாடத்தை ரெண்டு பேர் நடத்தினா சிஸ்டம் என்ன பண்ணும்னு கேட்டாரு. ரெண்டு செக்‌ஷனாப் பிரிச்சுக்கும்னேன். அப்புறம் ஒருத்தர் விட்டுட்டாருன்னா? பிரிஞ்சது பிரிஞ்சதுதான், ரெண்டுமே மத்தவர் பேர்ல ஏறும்னேன். அதைத்தான் செஞ்சிருக்காரு. முன்கூட்டியே வெளிய தெரிஞ்சா பிரின்சிபால் கையெழுத்து போட மாட்டாரு, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னாரு. இப்பதான் எல்லாம் முடிஞ்சிடுச்சே."

திருநாவுக்கரசுக்குக் குரல் இறங்கிவிட்டது.

"யாரும்மா அது?"



"ஹேமந்த்னு சொன்னாரு சார்."