சுற்று முடியும்வரை
முன்வரிசை நடுவில் இயக்குநர் செண்பகராமன், அவருக்கு வலப்புறம் செயலாளர் வேதநாயகி, பின்னால் கணினியோடு இருதயராஜ். மேடையில், நடனக்குழுவில் ஓரிடம் கேட்டு வந்திருந்த பொன்மலர். தாளத்தை நடத்தியது இருதயராஜ் எழுதிய கணினி நிரல். எட்டடிச் சுற்று முடிந்த பிறகே அதில் வேகமும் கணக்கும் மாறும்.

"நடுவுலயே மாத்துய்யா. தாங்குறாளான்னு பாப்போம்," என்றார் இயக்குநர்.

"கால் போயிடும் சார்."

"அவ காலுதானே, உனக்கென்ன?"

சுற்று முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் வரியை இருதயராஜ் நிரலிலிருந்து அழித்தான். ஐந்தாம் அடியிலேயே தாளம் ஏழடியாகி விரைந்தது. சுழன்றுகொண்டிருந்தவள் கணுக்கால் மடங்கிச் சரிந்தாள்.

"என் தப்புதான் சார். இன்னொரு தரம் ஆடுறேன்," என்றாள், விழுந்த இடத்திலிருந்தே.

இருதயராஜ் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. 'தங்களுக்குத் தாளஞானம் போதாது' என்று வேதநாயகி சொல்லச் சொல்ல, நிராகரிப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்தான். வாசலில் பொன்மலரை ஆட்டோவில் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தபோது, கடிதத்தை உறையிலிட்டு ஒட்டி, அவள் விலாசத்தை ஒருமுறை சரிபார்த்து, கூரியர்காரரிடம் கொடுத்தான்.