முறைத் தண்ணீர்

“இன்னைக்கு எங்க மொறை! ஒன் மோட்டாரு ஏன்டி ஓடுது?”

“நான் எங்கக்கா போட்டேன்? அதுவாத்தான்…”

“அதுவா ஓடுறதுக்கு அதுக்கென்ன அருளா வந்திருக்கு?”

“நான் சொல்றதைக் கொஞ்சம்…”

“என்னத்தைக் கேக்குறது? கமலைச் சாலைத் தூக்கிப் பாரு. சேறு! பாதிக்குப் பாதி சேறு!”

ராக்காயி கமலை மாட்டின் கயிற்றை ஒரு கையில் பிடித்தபடியே மறுகையை ஓரகத்தியின் முகத்துக்கு நேராக நீட்டினாள். மோட்டார் அறை வாசலில் நின்ற சந்தனம் ஓர் எட்டுப் பின்னுக்குப் போனாள்.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே கிணறு. பாகம் பிரித்தபோது கிணற்றைப் பிரிக்க முடியாதே. ஒரு நாள் மூத்தவன், ராக்காயி புருஷன் அழகுமலைக்கு; மறுநாள் இளையவன், சந்தனத்தின் புருஷன் நாகராசுக்கு என்று முறை வைத்தார்கள். இருவருமே மாடு கட்டிக் கமலையில் இறைத்தவரைக்கும் அதில் ஒரு சொல் வந்ததில்லை.

நாகராசு பினாங்கிலிருந்து வந்தான். வந்தவன் அங்கே துரை பங்களாவில் பார்த்ததுபோல வீட்டுக்கு முன்னால் புல் வளர்த்தான். மாடு வாய் வைக்கக் கூடாத புல். ஆளே மிதிக்க யோசிக்கிற புல். அரிமளம் பக்கத்திலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்தப் புல்லுக்கு ஒரு மோட்டார். மோட்டாருக்குத் துணையாக, தோள் உயரத்துக்கு ஓர் இரும்பு டாங்கி.

“இதுல காத்தை அடைச்சிருக்குக்கா. புல்லுக்கிட்ட கொழாயைத் தொறந்தா அந்தக் காத்து தண்ணியை நெட்டித் தள்ளும். டாங்கியில தண்ணி கொறைஞ்சா மோட்டாரு தானா ஓடும். ரொம்புனா தானா நிக்கும். நான் கையே வக்கிறதில்ல.”

“ஒன் டாங்கிக்கு நாளு கெழமை தெரியுமாடி? இன்னைக்கு யாரு மொறைன்னு தெரியுமா?”

“இரும்புக்கு என்னக்கா தெரியும்?”

“இரும்புக்குத் தெரியாது. வாங்கியாந்த மவராசனுக்குமா தெரியாது?”

மோட்டார் அவர்கள் இருவரையும் மீறி இரைந்துகொண்டிருந்தது. கிணற்றுக்குள் தண்ணீர் இன்னும் ஒரு படி கீழே இறங்கியது.

ராக்காயியின் மிளகாய்க் கொல்லை பூவில் நின்றது. இந்த முறைத் தண்ணீர் பாய்ந்தால் பூ பிஞ்சாகும். பாயாவிட்டால் சாயங்காலத்துக்குள் அத்தனையும் கீழே. வானம் பொய்த்த வருஷத்தில் வீட்டில் உலை வைக்க அந்தக் கொல்லையை விட்டால் வேறொன்றும் இல்லை. மத்தியானத்துக்கு மேல்தான் இறைக்க வருவதாக இருந்தாள். வெயிலைப் பார்த்ததும் மனசு பொறுக்காமல் முன்னாடியே மாட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

“ஒன் மூத்தாரு அரிமளம் மண்டியில மூட்டை தூக்கப் போயிருக்காரு. ஆம்பளை இல்லாத நேரம் பாத்துப் புருசனும் பொண்டாட்டியும் அடிக்கிறீக கொள்ளை.”

சந்தனத்தின் கண் வீட்டு முன்வாசல் பக்கம் போய்த் திரும்பியது.

வசமாக மாட்டிக்கொண்டாள் என்று ராக்காயிக்குப் பட்டது. பட்டதும் இன்னும் பிடித்துக்கொண்டாள்.

“கொழா தொறந்தாத்தானே மோட்டாரு ஓடும்? நீதானே சொன்னே? ஒம் புருசன் திருச்சிக்குப் போனதைக் கண்ணால பாத்தேன். நீ இங்க நிக்கிறே. அங்க தொறந்தது யாரு?”

“நானே போயி அடைச்சிட்டு வாரேன்க்கா. நீங்க அங்கிட்டுப் போக வேணாம்.”

“ஏன்? நான் மிதிச்சா ஒங்க புல்லு செத்துப்போகுமோ?”

“ஒங்களைக் கையெடுத்துக் கும்புடுறேன்க்கா…”

கும்பிட்ட கையைத் தட்டிவிட்டு ராக்காயி நடந்தாள். களவாணியைக் கையோடு பிடித்து, நாலு பேரைக் கூட்டி, இந்தக் கிணற்றுக்கு இன்றைக்கே ஒரு வழி பண்ணிவிட வேண்டும். குழாய் போன போக்கிலேயே வீட்டைச் சுற்றிப் போனாள். பின்னாலேயே “அக்கா, அக்கா” என்று சந்தனம் ஓடிவந்தாள்.

பக்கவாட்டு வேப்பமரத்தடியில் ஓர் அலுமினியச் சட்டி இருந்தது. பாதிக் கஞ்சி, கடித்து வைத்த வெங்காயம். வேலையாளுக்கு வெளியில் வைத்து ஊற்றுகிற சட்டி.

“ஓகோ! புல்லுக்குத் தண்ணி காட்டக் கூலிக்கு ஆளு வேறயா? அவன் வாயால கேக்குறேன், எவன் மொறைத் தண்ணின்னு.”

சந்தனம் குனிந்து அந்தச் சட்டியை மரத்துக்குப் பின்னால் நகர்த்தினாள்.

முன்வாசல் பக்கம் திரும்பியதும் பச்சை கண்ணில் அறைந்தது. ஊரெல்லாம் காய்ந்து கிடக்க அங்கே மட்டும் சொதசொதவென்று ஈரம். குழாய் முனையிலிருந்து தண்ணீர் சீறிக்கொண்டு போய் விழுந்தது. மோட்டார் இரைச்சலில் இவர்கள் போட்ட சண்டை இந்தப் பக்கம் கேட்டிருக்காது.

குழாயைப் பிடித்திருந்தவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோளில் கிடக்க வேண்டிய துண்டு இடுப்பில் இருந்தது.

ராக்காயியின் கால் நின்றுவிட்டது. மூட்டை தூக்கிய வலி என்றதால் நேற்றுக்கூட அவள் எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்ட முதுகு.

பக்கத்தில் ஈரத்தை மிதித்த காலடிச் சத்தம் மட்டும் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்க்காமல், குழாயை ஓரத்துப் புல் பக்கம் சாய்த்துக்கொண்டே சொன்னார்:

“அந்த மூலை மட்டும்தாங்க பாக்கி. எங்க வீட்டுக்காரி மாட்டை ஓட்டிக்கிட்டு வாரதுக்குள்ள முடிச்சிருவேன்.”