இரட்டைக் கட்டில் விரிப்பு

சோப்புத்தூள் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

ஐம்பதைத் தாண்டிய வயதில் ஒளிந்து நிற்பதில் ஒரே சிக்கல். ஆள் ஒளிந்துவிடுகிறான், தொப்பை மாட்டேன் என்கிறது.

உள்ளே வட்டம் முடியட்டும், அப்புறம் போய்க்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். லேட்டாக வந்ததற்குத் திட்டு விழும். விழட்டும். வட்டத்தில் நிற்பதற்குத் திட்டு எவ்வளவோ தேவலை.

எங்களுடையது ஓட்டல்களின் அழுக்குத் துணிகளை வெளுத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்பும் சலவைக்கூடம். தினமும் காலையில் மெஷின்களைப் போடுவதற்கு முன், ஓரம் கிழிந்ததென்று ஓட்டல்காரன் கழித்துவிட்ட ஒரு இரட்டைக் கட்டில் விரிப்பை எடுத்து விரித்து, அதைச் சுற்றி நின்று, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும். தீப்பிடித்த மாடியிலிருந்து குதிப்பவரைப் பிடிக்கக் கீழே நிற்பார்களே, அந்த மாதிரி.

குதிக்கப்போவது யார் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

பிறகு சுவரில் எழுதியிருக்கும் மூன்று சொற்களை எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும். பொறுமை. சுத்தம். ஒற்றுமை.

பொறுமை என்னும்போது இஸ்திரிக்காரன் கடிகாரத்தைப் பார்ப்பான். சுத்தம் என்னும்போது பாய்லர்காரர் கரி படிந்த கையை விரிப்புக்கு அடியில் மறைப்பார். ஒற்றுமை என்னும்போது ஆளுக்கொரு பக்கம் இழுப்போம்.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. ராத்திரி தூங்கினேனா, காலையில் சாப்பிட்டேனா, மனசில் என்ன ஓடுகிறது என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். கட்டிய மனைவியிடம்கூட நான் இப்படி ஒப்பித்ததில்லை.

எல்லாம் சூப்பர்வைசரம்மாவின் ஏற்பாடு. மனசு ஓரிடத்தில் நின்றால்தான் கை ஒழுங்காக ஓடுமாம். என் மனசு எங்கே போனால் இந்த அம்மாவுக்கு என்ன? தலையணை உறைகளை எண்ணிக் கட்டுவதற்கு மனசு எதற்கு?

இஸ்திரிக்காரன் தன் கனவைச் சொல்வான். தினமும் அதே நாய்தான் துரத்தும். மடிப்புக்கார அக்கா மூட்டுவலியைச் சொல்வார். முதலில் வலது முழங்கால், பிறகு இடது. பாய்லர்காரர் "ம்" என்பார். அது எந்தக் கேள்விக்குப் பதில் என்பது அவருக்கே வெளிச்சம்.

கடைசியில் என் முறை.

அப்போது மட்டும் எல்லோரும் கப்சிப். இஸ்திரிக்காரன்கூட கடிகாரத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். என் ஜோக்குக்கு அப்படியொரு கிராக்கி என்று நினைத்துக்கொள்வேன். தூக்கம் சாப்பிடப் போயிருக்கிறது, சாப்பாடு தூங்கப் போயிருக்கிறது என்பேன். சிரிப்பார்கள். கொஞ்சம் தாமதித்துத்தான் சிரிப்பார்கள். பாவம், புரிய நேரமாகிறது போல.

இன்றைக்குக் கையிருப்பில் ஜோக் இல்லை. காலையில் வீட்டிலேயே தீர்ந்துவிட்டது. அதனால்தான் இந்த டிரம்.

வழக்கத்தைவிடச் சீக்கிரமே மெஷின்கள் உறுமத் தொடங்கின.

அப்பாடா. சட்டையில் ஒட்டியிருந்த சோப்புத்தூளைத் தட்டிவிட்டு, பஸ்ஸைத் தவறவிட்டவனின் முகத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

எல்லோரும் அவரவர் வேலையில் இருந்தார்கள். விரிப்பு மட்டும் நேற்று நான் வைத்த அலமாரியிலேயே, என் மடிப்புக் கலையாமல் இருந்தது.

இஸ்திரிக்காரன்தான் முதலில் பார்த்தான். அவன் முகம் புளித்தது.

"போச்சு, வந்துட்டாருப்பா. மெஷினை நிறுத்துங்க. ஏண்ணே, லீவுன்னா ஒழுங்கா லீவு போடுங்க, இப்படி நடுவுல வந்து கழுத்தறுக்காதீங்க."

மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அக்கா முழங்காலைத் திட்டிக்கொண்டே எழுந்தார். பாய்லர்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். யாரோ விரிப்பை எடுத்து உதறினார்கள். ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. இந்த வட்டத்தை என்னைவிட அதிகமாக வெறுப்பவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்கு இவ்வளவு நாள் தெரியாது.

"நான் இல்லன்னா இது கிடையாதா?" என்று சூப்பர்வைசரம்மாவிடம் கேட்டேன்.

"பேசாம வந்து உங்க பக்கத்தைப் பிடிங்கண்ணே. ரெண்டு வண்டி டவல் அப்படியே கிடக்கு."

பிடித்தேன்.

இந்தக் கூத்து எப்போது ஆரம்பித்தது என்று அப்போதுதான் யோசித்தேன். நீண்ட விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை. சுவரில் அந்த மூன்று சொற்களின் பெயிண்ட்கூட அன்றைக்குக் காயவில்லை. தெரியாமல் சாய்ந்து, முதுகெல்லாம் சுத்தத்தை அப்பிக்கொண்டேன். என் முதல் ஜோக்கே அதை வைத்துத்தான்.

மூன்று சொற்கள் முடிந்தன. நாய் துரத்தியது. இரண்டு முழங்காலும் வலித்தன. "ம்" வந்தது.

என் முறை.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஏதாவது சிக்குமா என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் சிக்கவில்லை.

"காலையில வீட்டுல படுக்கை விரிப்பை மடிச்சேன்" என்றேன். "ஒரு முனையை வெச்சுக்கிட்டு, அந்தப் பக்கம் பிடிம்மான்னுட்டேன். அவ இல்லங்கறது மறந்துபோச்சு. கையை நீட்டிக்கிட்டே கொஞ்ச நேரம் நின்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. இஸ்திரிக்காரன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

விரிப்பின் தொய்வு மட்டும், எல்லாப் பக்கத்திலிருந்தும், மெல்ல இறுகியது.